அட்டாலி மேல பாரு, சாமி

கேபிள் ஆபீஸில் கம்ப்ளைன்ட் போன் எடுக்கிறவனை ஊரில் ஒருத்தரும் "நல்லா இருக்கறீங்களா" என்று விசாரிப்பதில்லை. படம் தெளிவாகத் தெரிகிறவரை, நெட் ஓடுகிறவரை, எங்களை யார் நினைக்கிறார்கள்? நின்றுபோனால்தான் நினைப்பு வரும். கரண்ட் ஆபீஸ், கேஸ் ஏஜென்சி, பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னல் என்று எங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களாக இருந்தாலும், இதைப் படிக்கும்போது உங்கள் காதும் ஒருமுறை சுடும் என்று நம்புகிறேன்.

நான் மோகனூரில் ஒரு கேபிள் ஆபீஸில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். இப்போது டிவியோடு நெட் கனெக்‌ஷனும் கொடுக்கிறோம் என்பதால் வாங்குகிற திட்டும் இரண்டு மடங்கு. அது எனக்குப் பழகிவிட்டது. திட்டிக்கொண்டே வருகிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுவதுதான் பழகவில்லை. ஏன் உறிஞ்சுகிறார்கள் என்று எனக்கு அரைகுறையாகத்தான் விளங்குகிறது. விளங்கினவரைக்கும் சொல்கிறேன், மிச்சத்தை உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

மூக்கடைப்பு

போன மார்கழியில் எனக்குக் கடுமையான சளி. மூக்கு இரண்டும் அடைத்து, பேசினால் குரல் உச்சந்தலை வழியாக வந்தது. அன்றைக்குக் காலையில் முதல் போன் ஒரு இளம் வக்கீல். நாலு நாளாக அவர் வீட்டில் நெட் இல்லையாம். நுகர்வோர் கோர்ட்டு, நஷ்ட ஈடு, முதலாளி பேர் என்ன, உன் பேர் என்ன என்று மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல், "பாக்ஸை அணைச்சுப்போட்டு, பத்து எண்ணிட்டு, மறுபடியும் போடுங்க சார்" என்றேன். அந்தப் பக்கம் திட்டு பட்டென்று நின்றது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "ஏனுங்க, நீங்க பொட்டுக்கடலைங்களா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். இருபது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸிலேயே ஒரு லோக்கல் சேனல் ஓடியது. சாயங்காலம் ஆறரைக்குப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. மற்ற ஊர்களில் போட்டோவைக் காட்டி ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்கள். எங்கள் கேமராவில் போட்டோவைக் காட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் மீசை வைத்த மாதிரி தெரியும். "என்னமோ பண்ணித் தொலை" என்று முதலாளி சொன்னதால், ஒரு வெள்ளைத் துண்டை மடித்துத் தைத்து, சட்டைப் பட்டனில் கண்ணும் அறுந்த ரப்பர் செருப்பில் காதும் வைத்து, ஒரு ஆட்டுக்குட்டி செய்தேன். அதற்குப் பொட்டுக்கடலை என்று பேர் வைத்தேன். நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கையை மேலே நீட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். "மே... யாரு ஊட்டுல இன்னிக்குப் பாயசம்?" என்று ஆரம்பிக்கும்.

மத்தியானமே வீட்டில் இருந்து யாராவது போன் பண்ணிப் பிள்ளையின் பேர், வயசு, ஊர், பரிசை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி மேஜையின் அடிப்பக்கம் கிளிப்பில் மாட்டிக்கொள்வேன். சாயங்காலம் ஆடு அதைச் சொல்லும். பிள்ளை ஓடிப் போய்ப் பார்த்தால் அங்கே பரிசு இருக்கும். ஆறு வருஷம் இப்படி நடந்தது. பிறகு சேனலை மூடினோம், துண்டைப் பிஸ்கட் டப்பாவில் போட்டேன், மறந்தும் போனேன். வக்கீலிடம், "ஆமாங்க சார், அது நான்தான். கேஸ் எப்ப போடறீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது இது:

"கேஸெல்லாம் போடலீங்க. ஒரே ஒரு தடவை எம்பேரைச் சொல்லுங்க, நான் ரெக்கார்டு பண்ணிக்கறேன்."

நந்தினியின் கேள்வி

அந்த ரெக்கார்டை வக்கீல் வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். அன்றையிலிருந்து எங்கள் ஆபீஸ் போனுக்கு ஓய்வில்லை. ஜேடர்பாளையத்தில் இருந்தும், பெங்களூரில் இருந்தும், துபாயில் இருந்தும் கூப்பிட்டார்கள். பேரைச் சொல்லச் சொல்வார்கள், சொல்வேன், வைத்துவிடுவார்கள். நந்தினி என்று ஒரு பெண் மட்டும் வைக்கவில்லை. சொந்த ஊர் மோகனூர்ப் பக்கம், கட்டிக்கொடுத்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வீட்டுக்காரருக்கு மளிகை மொத்தக் கடை. "அண்ணா, நான் ஒண்ணு கேப்பேன், நெசத்தைச் சொல்லோணும்" என்று ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா லாரி டிரைவர். நந்தினிக்கு எட்டு வயசாகும்போது, லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஆந்திராப் பக்கம் வேறு குடும்பம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு வாரேன், நோம்பிக்கு வாரேன் என்று எப்போதாவது போனில் சொல்வாராம், வர மாட்டாராம். இப்போது நந்தினியின் குழந்தைக்குக் காது குத்து. அப்பா எப்படியோ தெரிந்துகொண்டு, நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அம்மா கூடவே கூடாது என்கிறார். பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அப்பா பேரைப் போடுவதா, விடுவதா? இதில் நான் எங்கே வருகிறேன் என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

ஏழாவது பிறந்தநாளுக்கு ஆடு சொன்னதாம்: "நந்தினி, லாரியில இருந்து உங்கப்பா போன் பண்ணுனாரு. உனக்கு முத்தம் குடுக்கச் சொன்னாரு. அட்டாலி மேல பாரு, சாமி." அட்டாலி என்றால் எங்கள் பக்கம் பரண். ஏறிப் பார்த்தால் அண்டாவுக்குள் ஒரு குடை, கைப்பிடியில் விசில் வைத்த சின்னக் குடை. அப்பாவைப் பற்றி நந்தினியிடம் இருக்கிற நல்ல நினைப்பு அது ஒன்றுதான். அம்மாவோ, குடையை வாங்கியதும் நான், கேபிளுக்குப் போன் பண்ணியதும் நான், அந்த மனுசனுக்கு உன் பிறந்தநாளே தெரியாது என்கிறார். "அப்பா போன் பண்ணியிருந்தாருன்னா கூப்பிடுவேன். இல்லீன்னா இல்லை. யாருங்கண்ணா பண்ணுனது?" என்றார் நந்தினி.

எங்கள் பக்கம் பாதி வீட்டில் அப்பா லாரியில்தான் இருப்பார். போன் பண்ணுவது பெரும்பாலும் அம்மா. சீட்டில் 'அப்பா லாரி' என்று மட்டும் குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்பு இருந்தால், அப்பா போன் பண்ணினார், முத்தம் கொடுக்கச் சொன்னார் என்று நானாகவே சேர்த்துச் சொல்லிவிடுவேன். பிள்ளை சந்தோஷப்படட்டுமே என்றுதான். ஆனால் விஜயவாடாவிலும் நாக்பூரிலும் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று நிஜமாகவே கூப்பிட்ட அப்பாக்களும் உண்டு. யார் கூப்பிட்டார்கள் என்று நான் எழுதியதே இல்லை. இதையெல்லாம் சொல்லத் தைரியம் இல்லாமல், "எனக்கு ஞாபகம் இல்லைம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்கண்ணா. ஆட்டுக்கு இருக்கும். கேட்டு வையுங்க, வெள்ளிக்கிழமை நான் நேர்ல வாரேன்."

பஞ்சாரம்

மறுநாள் ஒருத்தர் முப்பது முட்டை அட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தார். நாமக்கல் பக்கம் பெரிய கோழிப்பண்ணை வைத்திருக்கிறாராம். அவருடைய எட்டாவது பிறந்தநாளில் ஆடு "பஞ்சாரத்துக்குள்ள பாரு" என்று சொல்லியிருக்கிறது. பஞ்சாரம் என்றால் கோழியின்மேல் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை. ஓடிப்போய்த் தூக்கினால் அடைக்கோழிக்குக் கீழே அன்றைக்குத்தான் பொரித்த குஞ்சுகள், இன்னும் ஈரம் காயாமல். "எங்கப்பனும் அம்மாவும் பின்னாடியே ஓடி வந்து பீரோ, பீரோன்னு கத்துறாங்க. நான் எங்க கேட்டேன்? அன்னிக்கு ராத்திரிச் சோறே நான் பஞ்சாரத்துக்குப் பக்கத்துல உக்காந்துதான் தின்னேன்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சீட்டு ஞாபகம் வந்தது. சட்டை பீரோவுக்குள் என்பது இவருக்கு. பஞ்சாரம் என்பது அதே ஊரில் வேறு ஒரு பையனுக்கு. மேஜைக்கு அடியில் இருட்டு, நான் சீட்டை மாற்றிப் படித்துவிட்டேன். அந்த இன்னொரு பையன் யார் வீட்டுப் பீரோவைப் போய்க் குடைந்தானோ, அவன் இப்போது என்ன ஆனானோ. தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து நின்று கும்பிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே போடாகப் போட்டார்:

"தப்புன்னு சொல்லாதீங்க. எங்கப்பனுக்குத் தெரியாதது அந்த ஆட்டுக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

பல்

பரமத்தியில் இருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டார். வீட்டுக்காரருக்கு முப்பது வயசு, போர்வெல் வண்டியில் மேனேஜர், கடைவாய்ப் பல் சொத்தை. பத்து நாளாகத் தாடையைப் பிடித்துக்கொண்டு அலைகிறார், பல் டாக்டரிடம் போகப் பயம். ஆடு சொன்னால் போவார், கொஞ்சம் சொல்லுங்க என்றார். இதென்னடா வம்பு என்று நினைத்தேன். ஆனாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பேரைச் சொல்லி, "சாமி, ஆஸ்பத்திரிக்குப் போயி வாயைத் தொறந்து காட்டு" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பக்கம் இடிபோலக் குரல் உள்ள ஒரு ஆம்பளை "சேரிங்" என்று சொல்லிவிட்டு வைத்தார். சாயங்காலம் அந்த அம்மாளே மறுபடியும் கூப்பிட்டார்:

"பல்லைப் புடுங்கிட்டு வந்துட்டாருங்க. கிஃப்டு எங்க இருக்குதுன்னு கேக்கறாரு, என்னன்னுங்க சொல்றது?"

இது அது இல்லை

ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர் மனைவியையும் ஆறு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு, ஆட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அது இம்மாம் பெரிசு இருக்கும், இடுப்பு உயரம் வரும், கண்ணில் தண்ணீர் மினுமினுக்கும், இது என்னமோ அடுப்புத் துணி மாதிரி இருக்கிறது என்றார். நான் செய்த ஆட்டை என்னிடமே இது அது இல்லை என்கிறார். கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் பிடித்தோம், அதனால் பெரிசாகத் தெரிந்திருக்கும் என்று விளக்கினேன். மனிதர் ஒப்பவில்லை. ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

ரோஷம் வந்து, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மளுக்கென்றது. கையை நீட்டி, "மே... யாரு ஊட்டுல இன்னிக்குப் பாயசம்?" என்றேன். எட்டிப் பார்த்தால் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சட்டை காலர் நனைந்திருக்கிறது. மனைவி என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் மகள்தான் குனிந்து என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்:

"அம்மா, அந்தத் தாத்தா கையைத்தான் துணிக்குள்ள உட்டுருக்காரு. அப்பா எதுக்கு அழுவறாரு?"

பழனிசாமியின் யோசனை

நியாயமான கேள்வி. இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. நந்தினி என்ன கேட்பார் என்பது தெரியும், நான் என்ன சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை. ஒரு கம்ப்ளைன்ட்டில் வாடிக்கையாளர் நம்பருக்குப் பதில் என் வீட்டு நம்பரை எழுதிவிட்டு, நாள் முழுக்க என் வீட்டுக்கு லைன்மேனை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

லைன்மேன் பழனிசாமி என்னோடு ஆரம்பத்தில் இருந்து இருக்கிறவர். மாடிப்படிக்கு அடியில் பழைய சீட்டுகளை ஒரு சாக்கில் கட்டிப் போட்டிருந்தது அவருக்குத்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் அவிழ்த்துப் பார்த்தோம். கறையான் மேலிருந்து கீழ்வரை தின்று முடித்திருந்தது. அடியில் ஒரு கைப்பிடி மிச்சம். 'பிரபு, 6, அரிசி டிரம்'. 'பேபி, 9, அப்பா லாரி, தலகாணி உறை'. நந்தினி இல்லை. இருந்திருந்தாலும் என்ன? 'அப்பா லாரி' என்பதற்கு மேல் அதில் ஒரு எழுத்து இருக்கப்போவதில்லை.

ஆமாம் என்று சொன்னால் நந்தினியின் அம்மா பெற்றதும் வளர்த்ததும் குடை வாங்கியதும் வீணாகும். இல்லை என்று சொன்னால், எனக்கே தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னதாகும். அத்தோடு அந்தப் பெண் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கியதாகவும் ஆகும். அன்றைக்கு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இஷ்டத்துக்கு ஒரு வரி சேர்த்தேனே, அந்த வாயில் என்னத்தைப் போட்டு அடைப்பது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. பழனிசாமி கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டு எழுந்தார்:

"ஆமான்னு சொல்லிப்போட்டுப் போவியா? ஒரு துண்டுத்துணி சொன்னதுக்கு நீ எதுக்கய்யா வெசனப்படறே?"

வெள்ளிக்கிழமை

நந்தினி பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். கையில் பத்திரிகையின் சோதனைப் பிரதி. நந்தினியின் பெற்றோர் பேர் வருகிற இடத்தில் அம்மா பேருக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் காலியாக விட்டிருந்தது. அச்சகத்துக்காரர் மூன்று மணிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறாராம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த முத்தத்தை நானாகத்தான் சேர்த்தேன், உங்கள் அப்பாவும் கூப்பிட்டிருக்கலாம், அம்மாவும் கூப்பிட்டிருக்கலாம், சத்தியமாக எனக்குத் தெரியாது என்றேன். அவர் அசையவில்லை. "இது நீங்க சொல்றது. ஆட்டைச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

இந்தப் பெண் விவரம் தெரிந்தவர். கடைக் கணக்கெல்லாம் பார்க்கிறவர். ஆட்டுக்குள் இருப்பது என் கை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்கிறார். ஆனாலும் டப்பாவைத் திறந்து, துண்டைக் கையில் மாட்டி, மேஜைக்கு அடியில் போனேன். அங்கே இருந்து எனக்குத் தெரிந்தது அவருடைய செருப்பு மட்டும். "பொட்டுக்கடலை, அன்னிக்கு எங்கப்பாதான் போன் பண்ணுனாரா?" என்று மேலே இருந்து குரல் கேட்டது. ஆபீஸில் இருந்த குரல் இல்லை அது, ஏழு வயசுக் குரல். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாக அப்படித்தான் திறந்தேன். வந்தது வேறு. "எனக்குத் தெரியலை சாமி. மே... சீட்டுல இருந்ததைத்தானே நான் படிச்சேன். உங்கப்பனையே கேளு."

மேலே ரிங் போகிற சத்தம் கேட்டது, நந்தினி அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். ஒரு கிழட்டுக் குரல், பின்னால் லாரி ஹாரன். "நந்தினியா? சாமி, பத்திரிகை அடிச்சாச்சா?" நந்தினி சுற்றி வளைக்கவில்லை. "ஏழாவது பொறந்தநாளுக்குக் கேபிள்ல ஆடு பேசுச்சே, அதுக்குப் போன் பண்ணுனது நீங்களா?" என்று கேட்டார். மேலே ஆட்டை நீட்டியபடியே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கை கடுத்தது, இறக்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் வண்டி ஒன்று கடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "இல்ல சாமி. ஆமான்னு சொன்னா நீ கூப்புடுவேன்னு தெரியுது. ஆனா நான் பண்ணலை. உன்ற பொறந்தநாளு எனக்கு அன்னிக்கு நெனப்புலயே இல்லை. உங்கம்மாதான் பண்ணியிருப்பா."

செருப்பு நகரவே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது நந்தினி, "சேரி. வர்ற புதனுக்கு அடுத்த புதன், காலையில எட்டு மணிக்கு, நம்ம கோயில்ல. வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவசரத்தில் எழுந்து மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால், என் மேஜையில் இருந்த பேனாவையே எடுத்து அந்தக் காலி இடத்தில் அப்பா பேரை எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது, கையெழுத்து மட்டும் நேராக இருக்கிறது. "ஏம்மா, அவரு இல்லைன்னுதானே சொன்னாரு? பண்ணியிருந்தாத்தானே கூப்பிடறேன்னீங்க?" என்று கேட்டேன். "ஆமாங்கண்ணா. எனக்கு விவரந்தெரிஞ்சு அந்தாளு எங்கிட்டப் பொய் சொல்லாம பேசுனது இன்னிக்குத்தான்" என்றார். அம்மா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையாட்டினார். பத்திரிகையைப் போனில் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பினார். ஆட்டின் செருப்புக் காதை ஒருதரம் நீவிவிட்டார். சேலம் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்று நான் வழி சொன்னேன். அவர் வாசற்படியில் நின்று திரும்பினார்:

"நான் இப்ப சேலத்துக்குப் போவலீங்கண்ணா, அம்மா ஊட்டுக்குப் போறேன். இத்தனை வருசமா அவ நெசத்தைச் சொல்லியும் நான் நம்பலை, அவ கால்ல உழுந்துட்டு அப்புறமேட்டுக்குத்தான் மத்ததெல்லாம்."

ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்பதைக் கம்பத்துக்குக் கீழே நின்றபடியே சொல்லிவிடுகிற எனக்கு, துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நான் சொன்ன ஒரு பொய் எந்தெந்த வீட்டில் என்னென்னவாகப் போய் இறங்கியிருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.